பழுதும் பொறுப்பும்

ஒரு பொருள் பழுதாகிவிட்டது என்று எப்போது சொல்கிறோம்? அது தன் காரியத்தைச் செய்யத் தவறிய பிறகுதான். எரியாத விளக்கு, இறைக்காத பம்பு, பிடிக்காத பிரேக் என்று, அன்றாட வழக்கில் பழுது என்ற சொல் விளைவை ஒட்டியே வருகிறது. விளைவு தெரியாதவரையில் பொருள் 'நல்லாத்தான் இருக்கு'. பெரும்பாலான பொருள்களுக்கு இந்த வழக்கு போதும். ஆனால் தன் ஆயுளில் ஏதோ ஒரு தடவை, அதுவும் ஒருவேளைதான், செயல்படவேண்டி வருகிற பொருள்களும் இருக்கின்றன. அவற்றின் பழுதை விளைவிலிருந்து தெரிந்துகொள்ளலாம் என்று காத்திருந்தால், தெரிந்துகொள்கிற நேரத்தில் அந்த அறிவால் பயன் இருக்காது. அணுமின் நிலையத்தின் பாதுகாப்புச் சுற்றில் இருக்கும் ரிலே அப்படிப்பட்ட பொருள். பழுதான ஒரு ரிலேயைக் கையில் வைத்திருப்பவனின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பது பொறியியல் சமாசாரமாகத் தோன்றலாம். எனக்கு அது தார்மீகப் பிரச்னையாகவே படுகிறது. விளைவு எதுவும் ஏற்படாத ஒரு செயலைக் குற்றம் என்று சொல்ல முடியுமா என்பதுதான் அந்தப் பிரச்னை.

ரிலே எளிய கருவி. செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில். அது காந்தமாகும்போது இழுபடுகிற ஓர் இரும்புத் தகடு. காந்தம் போனதும் தகட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ள ஒரு ஸ்பிரிங். தகட்டோடு நகர்ந்து, தொட்டும் விலகியும், மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் சில பாயிண்டுகள். இது கெட்டுப்போக இரண்டு வழிகள் உண்டு. இழுக்கவேண்டியபோது இழுக்காமல் போகலாம். காயில் கருகினால், கம்பி அறுந்தால் இது நேரும். விடவேண்டியபோது விடாமலும் போகலாம். பாயிண்டுகள் பொறியில் உருகி ஒட்டிக்கொண்டால், மசகு காய்ந்து இறுகினால், ஸ்பிரிங் தளர்ந்தால் இது நேரும். முதல் வகைப் பழுது உடனே அம்பலமாகும், ஏனென்றால் இயந்திரம் நின்றுவிடும். இரண்டாவது வகை தன்னைக் காட்டிக்கொள்ளாது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அணு உலைகளை வடிவமைத்தவர்கள் இதை அறிந்தவர்கள். கூடங்குளத்தில் உள்ளது போன்ற உலைகளில் கட்டுப்பாட்டுத் தண்டுகளை மின்காந்தங்கள் மேலே பிடித்துக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் போனால் தண்டுகள் தம் எடையாலேயே விழுந்து உலையை அணைத்துவிடும். கம்பி அறுந்தாலும் காயில் கருகினாலும் உலை நிற்கும். முதல் வகைப் பழுதுகள் எல்லாம் இவ்வாறு தீங்கற்றவையாக மாற்றப்பட்டுவிட்டன. மிச்சமாக நிற்பது இரண்டாவது வகை, அதாவது விடவேண்டியபோது விடாத ரிலே. கண்ணுக்குத் தெரிகிற பழுதுகளைத் துரத்தியடித்த புத்திசாலித்தனம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றிவைத்திருக்கிறது. போதாததற்கு, இந்த ரிலேக்கள் சும்மா இருக்கும்போதும் தேய்கின்றன. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் ஏற்றியே வைக்கப்பட்ட ரிலேக்களில், காயிலைத் தாங்கும் நைலான், லெக்ஸான் சட்டங்கள் தம் சூட்டிலேயே சிதைகின்றன என்று 1984இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அங்குள்ள நிலையங்களை எச்சரிக்க நேர்ந்தது. ஜெனரல் எலக்ட்ரிக்கின் எச்.எஃப்.ஏ. ரகத்து ரிலேக்கள் அவை.

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்தது புத்தகங்களிலிருந்து அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் எலக்ட்ரிகல் செக்‌ஷனில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். 1936இல் முதல் பெரிய மில் தோன்றியதிலிருந்து அந்த ஊரின் ஜீவனமே பஞ்சும் நூலுமாக இருக்கிறது. மில் ஓடினால் ஊர் ஓடும். ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுந்தால், மோட்டார் ஏன் திணறுகிறது என்று பார்ப்பதற்குமுன் ரிலேயின் அளவை ஒரு கோடு ஏற்றிவைப்பது அங்கே பலருக்குக் கைப்பழக்கம். பாயிண்ட் கருகினால் உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவார்கள். இன்னும் அவசரமென்றால் ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்து ரிலேயையே தாண்டிவிடுவார்கள். எங்கள் செக்‌ஷனில் மூத்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். மோட்டாரின் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ரிலேயைப் பற்றி யாராவது சந்தேகம் எழுப்பினால் அவருடைய பதில், "ஓடுதுல்ல தம்பி, பெறகென்ன? ஓடட்டும்" என்பதுதான்.

அவரைக் குறைசொல்வது என் நோக்கம் இல்லை. மாற்றுச் சாமான் வர நாள் ஆகும். இயந்திரம் நின்றால் கேள்வி கேட்பவர்கள் ரிலேயைக் கேட்கமாட்டார்கள், அவரைத்தான் கேட்பார்கள். தவிரவும், பழையதைச் சீர்செய்து பயன்படுத்துவது நம்மைப் போன்ற சமூகத்தில் ஓர் அறம் என்றே நினைக்கிறேன். எறிந்துவிட்டு வாங்கு என்பது பணக்காரத் தேசத்தின் போதனை. அங்கே தப்பு நேர்வது, சீர்செய்தது என்ற உண்மையை மறைக்கும்போது. கழித்துப்போட்ட காண்டாக்டர்களும் ரிலேக்களும் பழைய இரும்புக்கடைக்குப் போகும். வெள்ளி முனைகளைப் பெயர்த்து எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. தேறுகிறவை மண்ணெண்ணெயில் கழுவப்பட்டு மறுபடியும் ஏதோ ஓர் அலமாரிக்கு வந்துசேரும். 'பழசு' என்று சொல்லிப் பாதி விலைக்கு விற்பவன் வியாபாரி. அதையே புது அட்டைப்பெட்டியில் போட்டு விற்பவன் செய்வது வேறு காரியம். இது ஏழைகளின் பழக்கம் என்று நினைக்கவேண்டியதும் இல்லை. பழைய சர்க்யூட் பிரேக்கர்களைப் புதுப்பித்துப் புதியவை என்று அணுமின் நிலையங்களுக்கே விற்றிருக்கிறார்கள் என்பது வெளிவந்து, 1988இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிலையங்களும் தம் கையிருப்பைச் சரிபார்க்கவேண்டும் என்று அறிக்கை அனுப்பியது.

நூற்பாலையின் 'ஓடட்டும்' அணு உலைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. நம் சேலத்தோடு சம்பந்தமில்லாத இன்னொரு ஸேலம், அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் உள்ள அணுமின் நிலையம். 1983 பிப்ரவரி 25 அன்று அதன் முதல் அலகில், நீராவிக் கலனில் நீர்மட்டம் குறைந்ததும் உலையை நிறுத்தும்படி தானியங்கி ஆணை போயிற்று. தண்டுகளைப் பிடித்திருக்கும் மின்சாரத்தை அறுக்கவேண்டிய பிரேக்கர்கள் இரண்டு. ஏதாவது ஒன்று திறந்தாலே போதும். இரண்டுமே திறக்கவில்லை. ஏறக்குறைய அரை நிமிடம் கழித்து இயக்குநர்கள் கையால் நிறுத்தினார்கள். மின்னழுத்தம் போனதும் பிரேக்கரைத் தட்டிவிடவேண்டிய சிறிய மின்காந்த இணைப்பு தேய்ந்தும் சரியான மசகு இல்லாமலும் இறுகிக் கிடந்தது. தயாரித்த நிறுவனம் 1974இலேயே அதன் பராமரிப்புப் பற்றிக் குறிப்புகள் வெளியிட்டிருந்தது. நிலையத்தின் வேலை உத்தரவுகளிலோ அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சாமான் என்ற வகையில் சேர்க்கப்படவே இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது 25ஆம் தேதி அல்ல, அதற்கு மூன்று நாள் முந்திய 22ஆம் தேதி. அன்றும் இதே ஆணை போயிற்று, இதே பிரேக்கர்கள் திறக்கவில்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே கணத்தில் இயக்குநர் வேறு காரணத்துக்காகக் கையால் உலையை நிறுத்திவிட்டார். உலை நின்றது, யாரும் சந்தேகப்படவில்லை, நிலையம் மறுபடி ஓட்டப்பட்டது. 25ஆம் தேதிச் சம்பவத்துக்குப் பிறகு கணிப்பொறிப் பதிவுகளைப் புரட்டியபோதுதான் 22ஆம் தேதி நடந்தது என்ன என்று தெரிந்தது. விளைவை வைத்து மதிப்பிட்டால் 22ஆம் தேதி குறையில்லாத நாள். உண்மையில் அன்றுதான் பழுது முழுமையாக இருந்தது, அதோடு பழுதைப் பற்றிய பிரக்ஞையும் இல்லாமல் இருந்தது. 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற வாக்கியத்தை நாம் சாட்சியமாக ஏற்றுக்கொள்கிறோம். அது சாட்சியம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் எனக்குத் தெரியாது.

இங்கே பொறியாளர் ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஒரு ரிலேயை நம்பி யாரும் உலை கட்டுவதில்லை. மூன்று தடங்கள் வைத்து, மூன்றில் இரண்டு சொன்னால் நிறுத்து என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒரு சாமான் கெட்டால் மற்றவை பார்த்துக்கொள்ளும். கடைநிலை ஊழியரின் மனசாட்சிமேல் இவ்வளவு சுமையை ஏற்றவேண்டியதில்லை என்று. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் உள்ளே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மூன்று தடங்களும் ஒன்றையொன்று சாராதவை என்பதுதான் அது. ஸேலத்தில் இரண்டு பிரேக்கர்களும் ஒரே காரணத்தால், ஒரே வகைப் புறக்கணிப்பால் இறுகின. ஒரே தொகுப்பில் வந்த சாமானை ஒரே ஸ்டோரிலிருந்து எடுத்து, ஒரே கை ஒரே அலட்சியத்தோடு மாட்டினால் மூன்று தடங்களும் ஒரு தடம்தான். ஒரே வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த மூன்று சாட்சிகளை எந்தப் பஞ்சாயத்தும் மூன்றாக எண்ணாது.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1993 மார்ச் 31 அதிகாலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைனின் இறக்கைகள் இரண்டு முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. தீ கேபிள்களைத் தின்றது. சுமார் 17 மணி நேரம் நிலையம் முழுமையாக மின்சாரமின்றிக் கிடந்தது. உலையை உடனே நிறுத்திவிட்டிருந்தாலும், அது மறுபடி உயிர்பெற்றுவிடாதபடி, ஊழியர்கள் டார்ச் விளக்குகளோடு மேலே ஏறிப் போரான் கரைசலைக் கையால் திறந்துவிட நேர்ந்தது. 1993 முதல் 1996 வரை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் பின்னாளில் எழுதியவற்றில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மாற்று மின்சாரத்துக்கான கேபிள்கள் மூலக் கேபிள்களோடு ஒரே வழியில், தீயைத் தாங்கும் காப்பு இல்லாமல் போடப்பட்டிருந்தன. அந்த ரக டர்பைன் இறக்கைகளில் விரிசல் வருகிறது என்ற எச்சரிக்கை 1989இலேயே வந்திருந்தும் அதன்மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. நான்கு வருஷம் அந்த இறக்கைகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நான்கு வருஷமும் 'ஓடுதுல்ல, பெறகென்ன?' என்ற தர்க்கத்துக்கு நாள்தோறும் புதிய ஆதாரம் சேர்ந்துகொண்டிருந்திருக்கும்.

இப்போது முதலில் எழுப்பிய பிரச்னைக்கு வரலாம். இரண்டு ஸ்டோர் கீப்பர்களைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருமே சந்தேகத்துக்குரிய ரிலே ஒன்றைத் தெரிந்தே அலமாரியில் திருப்பி வைக்கிறார்கள். ஒருவர் வைத்தது பத்து வருஷம் ஒருமுறையும் வேலைசெய்யவேண்டிய அவசியமே இல்லாமல் இருந்து கழிக்கப்படுகிறது. மற்றவர் வைத்தது ஒரு நாள் தேவைப்படுகிறது, விட மறுக்கிறது. முதலாமவர் நிம்மதியாக ஓய்வுபெறுகிறார், இரண்டாமவர் விசாரணைக் கமிஷன் முன் நிற்கிறார். இருவரின் செயலும் ஒன்றே. நடுவில் வந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் ஒருவரை நல்லவராக்கும் என்று நாம் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை என்றால், குற்றம் அலமாரியில் வைத்த கணத்திலேயே முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

நம் மரபின் தார்மீகச் சொற்கள் இங்கே நமக்கு முழுதாக உதவுவதில்லை. வினை, வினைப்பயன் என்ற கோட்பாடு செய்தவனுக்கும் செயலின் விளைவுக்கும் இடையே அறாத ஒரு கயிறு இருப்பதாகச் சொல்கிறது. விதைத்தவன் அறுப்பான். ரிலே விஷயத்தில் விதைப்பவன் ஓரிடம், அறுப்பவன் வேறிடம். சாமானைச் செய்தவன் ஒரு தேசத்தில் இருப்பான், சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் இன்னோர் ஊரில் இருப்பான், விளைவு இடிந்தகரையின் மீனவர் வீட்டிலோ இன்னும் பிறக்காத குழந்தையிடமோ போய் இறங்கும். பயன் தன்னிடம் திரும்பும் என்ற பயத்தில் நின்ற ஒழுக்கம் இங்கே நிற்க இடமில்லாமல் போகிறது. திரும்பிவராத ஒரு பயனுக்காக இன்று ஒரு காரியத்தைச் செய்ய மறுக்கும் மனம் வேண்டியிருக்கிறது. அந்த மனத்தைத் தண்டனையால் மட்டும் உண்டாக்கிவிட முடியாது.

சான்றிதழ்களால் உண்டாக்கிவிடலாம் என்று உலகம் நம்பிப் பார்த்தது. தென் கொரியாவில் 2012 நவம்பரில் யோங்வாங் நிலையத்தின் இரண்டு உலைகளை நிறுத்தவேண்டி வந்தது. ஃபியூஸ், சுவிட்ச், குளிர்விசிறி என்று ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சில்லறைச் சாமான்கள் போலித் தரச்சான்றோடு உள்ளே போயிருந்தன. அடுத்த மே மாதத்தில், கட்டுப்பாட்டுக் கேபிள்களின் சோதனை முடிவுகளே திருத்தப்பட்டவை என்று தெரிந்து வேறு உலைகளும் நின்றன. இதைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல, பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த தகவல். காகிதம் சாமானுக்குப் பதிலாக நிற்கத் தொடங்கிவிட்டால், காகிதத்தின் உண்மைக்கு யார் ஜவாபு என்ற கேள்வி புதிதாக எழுகிறது. 1979 மார்ச் 28 அன்று த்ரீ மைல் ஐலண்டில் இதன் இன்னொரு ரூபம் தெரிந்தது. ஒரு வால்வு மூடாமல் திறந்தே நின்றது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அது மூடிவிட்டதாகப் பொருள்கொள்ளும்படி அணைந்தது. அந்த விளக்கு, மூடச்சொல்லும் மின் ஆணை போய்விட்டதை மட்டுமே காட்டும்படி இணைக்கப்பட்டிருந்தது. ஆணை போனதையும் காரியம் நடந்ததையும் ஒன்றாக எண்ணும் ஸ்தாபனங்கள் நம்மைச் சுற்றியும் நிறைய இருக்கின்றன.

இதில் வெளியே நின்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கோ என் ஊருக்கோ இல்லை. 2012இல் தமிழ்நாடு மணிக்கணக்கான மின்வெட்டில் கிடந்தபோது ராஜபாளையத்து மில்களும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளும் மாறிமாறி நின்றன. கூலி நின்றது. அப்போது டீக்கடைகளில் கூடங்குளம் பற்றி நான் கேட்ட பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: 'எப்படியாவது ஓடட்டும்.' இடிந்தகரையில் உட்கார்ந்திருந்தவர்களின் கேள்விகள் எங்கள் பக்கத்தில் தொந்தரவாகவே கேட்டன. 2013 ஏப்ரலில், முதல் அலகின் சோதனையில் நான்கு வால்வுகளின் செயல்பாடு குறையுடையதாகத் தெரிந்தது என்றும் அவற்றைச் சரிசெய்து மறுபடி சோதிக்கவேண்டும் என்றும் ஒழுங்குமுறை வாரியம் சொன்ன செய்தி வந்தபோது, குறை பிடிபட்டதே என்று நிம்மதி அடைந்தவர்கள் குறைவு. இன்னும் தாமதமா என்று சலித்துக்கொண்டவர்களே அதிகம். மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தடையில்லை என்றது. ஜூலை 13 அன்று உலையில் தொடர்வினை தொடங்கியது. நான்கு வால்வுகள் பிடிபட்டதை வைத்து நிலையம் மோசமானது என்று நான் வாதிக்கவில்லை. பழுது பிடிபடுவது சோதனை வேலைசெய்கிறது என்பதன் அடையாளம். என் கவலை அந்தச் சலிப்பைப் பற்றியது. ரிலேயைத் திருப்பி வைக்கும் கைக்குப் பின்னால் அந்தச் சலிப்பும் நிற்கிறது. விளக்கு எரியவேண்டும் என்று அவசரப்படுகிற லட்சம் பேரின் விருப்பம் அந்த அலமாரிவரை நீள்கிறது.

சட்டம் இந்தப் பொறுப்பைப் பங்கிட முயன்றதுண்டு. 2010இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ மறைந்தோ குறையுள்ள சாமானைக் கொடுத்து அதனால் விபத்து நேர்ந்தால், கொடுத்தவரிடமிருந்து ஈடு கேட்க நிலையத்தை நடத்துபவருக்கு உரிமை உண்டு என்றது. மறைந்திருக்கும் குறை என்ற சொல்லைச் சட்டத்தில் ஏற்றியது பெரிய காரியம். அந்நிய நிறுவனங்கள் அந்த ஒரு பிரிவின்மேல் எவ்வளவு ஆத்திரப்பட்டன என்பதே அதன் கனத்துக்குச் சான்று. இருந்தாலும் அதுவும் விபத்து நேர்ந்தபிறகு பேசுகிற சட்டமாகத்தான் இருந்தது. ஒன்றும் நடக்காத நாளைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அந்த நாளுக்கு உரியவர் வேறு ஆள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் இழுபடும்போது எல்லார் கண்ணும் வடத்தின்மேலும் கலசத்தின்மேலும் இருக்கும். சக்கரத்தின் ஓரமாகக் குனிந்து நடந்து, வேகம் மிஞ்சும் இடத்தில் முட்டுக்கட்டை கொடுத்து, திருப்பத்தில் தேரைத் திசைமாற்றுகிறவர்களைக் கூட்டம் கவனிப்பதில்லை. அவர்கள் இல்லாமல் தேர் நாலு ரதவீதியையும் சுற்றி நிலைக்கு வராது. ஆனால் முட்டுக்கட்டை என்ற சொல்லை நம் பேச்சில் என்ன செய்துவைத்திருக்கிறோம்? வேலையைக் கெடுக்கிறவன், முன்னேற்றத்தைப் பொறுக்காதவன் என்று வசைச்சொல்லாக்கிவிட்டோம். 'இந்த ரிலே ஆகாது' என்று சிவப்புச் சீட்டுக் கட்டுகிறவன் எந்த ஸ்தாபனத்திலும் முதலில் வாங்கும் பெயர் அதுதான். அவன் சொன்னது சரியென்று நிரூபிக்க அவனிடம் எதுவும் இருக்காது. அவன் தடுத்த விபத்து நடக்காத விபத்து, அதை யாரும் படம் எடுக்க முடியாது. அவன் தேவையில்லாமல் நிறுத்தியதாகச் சொல்வதற்கு மட்டும் நின்றுபோன மணிக்கணக்கு கையில் இருக்கும்.

ஆகவே பழுதைப் பற்றிய தார்மீகப் பிரச்னை தனி மனிதனின் நேர்மையோடு முடிவதில்லை. நேர்மையானவனுக்குத் தன் மறுப்பை வெளியே சொல்ல இடம் இருக்கிறதா, சொன்னபிறகு அவன் வேலையில் இருப்பானா என்பதையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும். ஒழுங்குமுறை வாரியம், தான் கண்காணிக்கவேண்டிய அமைப்பின் மேலிடத்துக்கே கட்டுப்பட்டிருந்த நிலையை 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியபோது, அது பேசியதும் இதே விஷயத்தைத்தான். வாரியத்துக்குப் பொருந்துவது ஸ்டோர் கீப்பருக்கும் பொருந்தும். அணுமின்சாரம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் விவாதித்துக்கொண்டே இருக்கட்டும். இரு தரப்பாரும் கேட்டுப் பெறவேண்டிய ஒரு தகவல் இருக்கிறது. ஒரு நிலையத்தில் கடந்த ஆண்டில் எத்தனை சாமான்கள் ஆகாது என்று ஒதுக்கப்பட்டன, ஒதுக்கியவர்களில் எத்தனை பேர் இன்றும் அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. எத்தனை யூனிட் மின்சாரம் வந்தது என்ற கணக்கு தவறாமல் பத்திரிகைகளில் வருகிறது. இந்தக் கணக்கை நான் எங்கும் படித்ததில்லை.